இலவசக் குடை

பாளையங்கோட்டையில் எந்தைக்கு ஒரு சிறு மளிகைக்கடை உண்டு. யாம் கற்ற கல்வியெல்லாம் அக்கடையில் உப்பும் புளியும் விற்ற காசினால் வந்ததாகும். ஈராண்டுகட்கு முன் எம் தெருமுனையில் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டது. எந்தை கொள்முதல் செய்யும் விலைக்கும் குறைவாக ஆங்குச் சர்க்கரை விற்றனர். முதல் வாரத்தில் பொருள் வாங்கினார்க்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஈந்தனர். யாமும் சென்று ஒன்று பெற்று வந்தோம். எந்தை கடிந்திலர். “வாளி நன்றாயிருக்கிறது, தம்பி” என்று மட்டும் கூறினார். அச்சொல் இன்றும் எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கின்றது.

அண்மையில் கல்லூரி நூல்நிலையத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் வரலாற்றைப் படிக்குங்கால், அவ்வாளி எம் நினைவில் எழுந்தது. 1906இல் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்பு வழியை அதுகாறும் தனியாக ஆண்டுவந்த ஆங்கிலக் கம்பெனி, கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி, கட்டணமின்றி ஏற்றிச் செல்வதோடு குடையும் தர முன்வந்தது என்பர். நட்டத்தைத் தாங்க அதற்குப் பெருமுதல் இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இல்லை. அரசும் நடுநின்றிலது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டனர். நெல்லையில் கடைகள் அடைபட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அரசு நடுநிற்பின் யாது நிகழும்? அந்நாளில் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கோவில்பட்டியே சான்று. சுவீடன் நாட்டு முதலால் 1923இல் எழுந்த விம்கோ கம்பெனி எந்திரத்தால் தீப்பெட்டி செய்தது. அரசு நெடுங்காலம் கைத்தீப்பெட்டிக்கு உற்பத்தி வரியைக் குறைத்து விதித்தமையால், சிறு தொழிலோர் நிலைத்து நின்றனர். ஆங்குச் சிறுவரை உழைப்பித்த பழியும் உண்டு. ஆதலின் காப்பளிக்கும் அரசு கண்காணித்தலும் வேண்டும்.

போட்டியாளரை ஒழிக்கும் நோக்குடன் அடக்க விலைக்குக் கீழ் விற்றலை, சந்தையில் ஆதிக்கமுடைய நிறுவனங்கட்கு 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் ஆதிக்கத்தை மெய்ப்பித்தல் எளிதன்று. மளிகைக்கடைக்காரர் அதன்பொருட்டுப் புதுதில்லி ஆணையத்தை நாடுதல் அதனினும் அரிது. ஆகவே உதவி அண்மையிலேயே கிடைத்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடம் அவ்வியாபாரிகட்கே உரியது. பேரங்காடிக்கு உரிமம் வழங்குமுன் அத்தெருவின் சிறு வணிகரையும் மாநகராட்சி அவ்வாறே அழைத்துக் கேட்டலாகாதோ? சிறு கடையினர் கூடிக் கொள்முதல் செய்யக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடனுதவலாகாதோ?

மலிவு ஏழைக்கு நன்றன்றோ என்பார் உளர். நன்றே, யாமும் மறுத்திலோம். திறமையாலும் சிக்கனத்தாலும் வரும் மலிவை எவரே வெறுப்பர்? அடுத்த கடையை மூடுவித்தற்கு வரும் மலிவோ, அது மூடிய மறுநாளே மறைந்துவிடும். மாதக் கடைசியில் கடனுக்கு அரிசி தந்த கையும் அதனுடன் மறையும்.

எந்தையின் கடை இன்றும் விடியலில் திறக்கின்றது, விற்பனை பாதியாயிற்று. சனிக்கிழமைதோறும் யாம் கணக்கெழுதுகின்றோம். அவ்வாளியில்தான் கடைவாயிலுக்கு நீர் தெளிக்கின்றோம். நேயர்காள், இலவசமாய் ஒரு குடை நீட்டப்படுங்கால், அதன் விலையைக் கொடுப்பவர் யாரென ஒருகணம் வினவுமின்!