‘அப்டேட்’ என்றால் என்ன அர்த்தம்?

எங்கள் உண்மையறியும் குழுவின் வழக்குப் பட்டியல் கிட்டில் இருக்கிறது. சம்பவ நாள், முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவுகள், குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி எல்லாம் அதில் உண்டு. பராமரிப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். உழைப்பில் குறையே இல்லை. கமிட் குறிப்புகளைப் பார்த்தால்தான் ‘அப்டேட்’, ‘சின்ன மாற்றம்’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’.

ஒரு வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டிருந்தது. குறிப்பு: ‘அப்டேட்’. காவல்துறை பிரிவை எடுத்துவிட்டதா, நம் தட்டச்சுப் பிழையை யாரோ திருத்தினார்களா? மாற்றிய தம்பிக்கே நினைவில்லை. காவல்துறைதான் எடுத்திருந்தது என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. அந்தப் பிரிவு போனால் சிறப்பு நீதிமன்றம் போகும், நிவாரணம் போகும், குற்றவாளிக்கு முன்ஜாமீன் கதவு திறக்கும். அந்த இரண்டு வாரம் யாருடையது?

லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி கிட். யார் மாற்றினார், எப்போது, எந்த வரி என்பதை அதுவே பதிந்துகொள்ளும். ஏன் மாற்றினார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதை எழுதத்தான் கமிட் குறிப்பு.

எழுதும் முறை எளிது. முதல் வரியில் என்ன மாற்றம் என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 50 எழுத்துக்குள் என்பது வழக்கம். தமிழில் ஒரே மூச்சில் படிக்கும் அளவு போதும். பிறகு ஒரு வரி இடைவெளி. அதன் கீழே காரணமும் ஆதாரமும்:

வழக்கு 42: வன்கொடுமைப் பிரிவை நீக்கு

மார்ச் 3 பிரிவு மாற்ற அறிக்கையில் காவல்துறை நீக்கியுள்ளது. நகல் கோப்பில் உள்ளது. வழக்கறிஞருக்கு இன்னும் சொல்லவில்லை.

சேர், நீக்கு, திருத்து என எல்லோரும் ஒரே வடிவில் எழுதினால் பின்னால் தேடுவது சுலபம். ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். பத்து வழக்குகளை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

முக்கியமான இன்னொன்று: பாதிக்கப்பட்டவர் பெயரைக் குறிப்பில் எழுதவே கூடாது. கோப்பிலிருந்து பெயரை அழித்தாலும் குறிப்பில் எழுதியது வரலாற்றில் அப்படியே நிற்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். வழக்கு எண் போதும்.

நமக்கு நடந்ததை நெடுங்காலம் மற்றவர்கள் எழுதினார்கள், மற்றவர்களே மாற்றினார்கள். காரணம் கேட்டு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறோம். நம் கையில் இருக்கும் பதிவேட்டிலாவது காரணம் இருக்கட்டும்.

இனி வெறும் ‘அப்டேட்’ என்று வரும் கமிட்டை நான் இணைக்கமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், தோழர்களே.