கையெழுத்தும் சம்மதமும்

2024 ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை. எலகங்காவில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் கூடத்தில் நான்கு விமானிகள் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவன் என் தம்பி. பெங்களூரிலிருந்து சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஒரு வட்டார விமான நிறுவனத்தில் நால்வரும் பணிபுரிந்தனர். அதன் பெயர் இங்கு வேண்டாம். நிர்வாகம் புதிய ஊதிய ஒப்பந்தம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்திடப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தது. நான் தொழிலாளர் ஒப்பந்தங்களைப் பற்றி ஆய்வு செய்பவள் என்பதால், ‘அக்கா வீட்டில் பேசலாம்’ என்று தம்பி அழைத்து வந்திருந்தான்.

கடிதம் நான்கே பக்கம். மணிக்கணக்கிலான பறப்புப்படி கூட்டப்பட்டிருந்தது. அதே பக்கத்தின் அடியில், மாதந்தோறும் உறுதி செய்யப்பட்ட பறப்பு நேரம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதுவரை ஒரு விமானி அம்மாதம் 50 மணி நேரமே பறந்திருந்தாலும் 70 மணிக்கான ஊதியம் பெறுவார். இனி 40 மணிக்கு மட்டுமே உறுதி. மீதியைப் பறந்துதான் ஈட்ட வேண்டும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். எனக்கும் தோன்றியது. பறந்த நேரத்துக்குத்தானே கூலி என்றேன். ஹுப்பள்ளியைச் சேர்ந்த மூத்த கேப்டன் ஒருவர் பொறுமையாக விளக்கினார். விமானம் புறப்பாட்டுக்காக முதன்முதலில் நகரும் கணம் முதல், சேருமிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரமே கணக்கில் வரும். அதைப் ‘பிளாக் நேரம்’ என்பார்கள். நெடுந்தொலைவு செல்லும் விமானி ஒருமுறை ஏறி அமர்ந்தால் எட்டு மணி நேரம் சேர்ந்துவிடும். இவர்களோ ஒரு நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குகிறார்கள். பெங்களூர் – ஹுப்பள்ளி ஒரு மணி நேரப் பயணம். பணிக்கு முன்கூட்டியே வந்து வானிலையும் எரிபொருளும் பார்க்கும் நேரம், ஒவ்வொரு ஊரிலும் பயணிகள் இறங்கி ஏறும் நேரம், மூடுபனி விலகக் காத்திருக்கும் நேரம் எதுவும் அக்கணக்கில் இல்லை. ஒன்பது மணி நேர உழைப்பில் நான்கு மணி நேரமே ‘பறப்பு’. உதிரிபாகம் வராமல் ஒரு விமானம் இரண்டு வாரம் கொட்டகையில் நின்றால் அந்த நான்கும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அந்த 70 மணி என்பது ஒரு பங்கீடு. விமானம் பறக்காத நாளின் இழப்பை யார் சுமப்பது என்பதற்கான விடை. பயணச்சீட்டு விற்பதும், உதிரிபாகம் வாங்குவதும், அட்டவணை போடுவதும் விமானியின் கையில் இல்லை. அவற்றால் வரும் நட்டத்தில் 30 மணி நேரம் இப்போது அவர் தோளுக்கு மாற்றப்படுகிறது.

விவாதம் இரண்டரை மணி நேரம் நடந்தது. கேப்டன் கையெழுத்திடுவது என்ற முடிவோடு வந்திருந்தார். மூடப்பட்ட ஒரு நிறுவனத்தில் பல மாதச் சம்பளத்தை இழந்தவர் அவர். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரின் பறப்பு உரிமம் நிறுத்தப்பட்டதைக் கண்ட ஊர் இது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பை நிறுத்தியதும் எல்லோர் நினைவிலும் இருந்தது. ஓடுகிற நிறுவனத்தில் குறைந்த உறுதி, நின்றுபோன நிறுவனத்தின் முழு உறுதியைவிட மேல் என்பது அவர் கட்சி. கோழிக்கோட்டைச் சேர்ந்த இளம் துணை விமானி அதை ஏற்கவில்லை. நல்ல மாதத்தில் இந்த ஒப்பந்தம் அதிகம் தரும், கெட்ட மாதத்தில் கைவிடும். வங்கித் தவணையோ எல்லா மாதமும் ஒன்றுதான் என்றார். நான்காமவர் கேட்டுக்கொண்டே இருந்து, “எல்லாரும் சேர்ந்து மறுத்தால்தான் மறுப்பு. நாலு பேர் மறுத்தால் அது ராஜினாமா” என்றார்.

அந்த வாரம் முழுவதும் விஸ்தாரா செய்திகளில் இருந்தது. ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த அந்நிறுவனத்திலும் இதே மாற்றம்தான்: 70 மணி, 40 மணியாயிற்று. ஏராளமான விமானிகள் உடல்நலக் குறைவு என்று தெரிவிக்க, விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்கள் வரை, ஏறத்தாழ பத்து விழுக்காடு, குறைக்கப்பட்டன. பணி அட்டவணை மிக இறுக்கமாக இருந்ததும் ஒரு காரணம் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. ஆனால் என்னை நிறுத்திய தகவல் வேறு. 98 விழுக்காட்டு விமானிகள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டதாகத் தலைமைச் செயல் அதிகாரி ஊழியர்களிடம் கூறியதாகச் செய்தி வந்தது. ஏறத்தாழ எல்லோரும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம்; அதே வாரத்தில் அதே கைகள் ஓட்டாத விமானங்கள்.

இதைக் கோட்பாட்டால் விளக்குவது எளிது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், நிறைவின்மை கொண்ட ஒருவருக்கு வெளியேறுதல், குரல் எழுப்புதல் என்ற இரு வழிகளைச் சொன்னார். இந்திய விமானிக்கு இரண்டும் குறுகியவை. 2017-ஆம் ஆண்டு விதிப்படி கேப்டன் விலக ஓராண்டும், துணை விமானி விலக ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். 2023-இல் அந்த அவகாசத்தை நிறைவு செய்யாமல் 43 விமானிகள் விலகியபோது ஆகாசா ஏர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. குரலின் நிலையும் அப்படியே. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா புதிய ஒப்பந்தத்தை முன்வைத்தபோது, இரு விமானிகள் சங்கங்களும் கையெழுத்திட வேண்டாம் என்றன. 1,500-க்கும் மேற்பட்டோர் ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினர். அத்திட்டத்தின்படி அனுபவமிக்க கேப்டன்கள் ‘மூத்த கமாண்டர்’களாகி நிர்வாக அணியில் சேர்வர். பதவி உயர்வு போலத் தோன்றும் இது, அவர்களைச் சங்கத்திலிருந்து பிரித்துவிடும் என்று சங்கங்கள் அஞ்சின. விமானி மேலாளர் அல்லர், தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் தொழிலாளரே என்று டெல்லி உயர் நீதிமன்றம் கிங் ஏர்வேஸ் வழக்கில் சொல்ல வேண்டியிருந்ததே இந்தக் குழப்பத்தின் ஆழத்தைக் காட்டும்.

வெளியேறவும் முடியாது, பேசவும் முடியாது என்னும்போது உடல் ஒன்றே மிஞ்சுகிறது. இதைத்தான் அன்று மாலை அவர்களிடம் சொன்னேன். சற்றுப் பெருமிதத்தோடுதான் சொன்னேன். கேப்டன் தலையசைத்தார். தம்பி மட்டும், “அக்கா, அதெல்லாம் சரி. நான் போடட்டுமா, வேண்டாமா?” என்றான்.

என்னிடம் விடை இல்லை. அவனுடைய 200 மணி நேரப் பயிற்சிக்கும், அதன்பின் அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கும், கிருஷ்ணகிரியில் அப்பா வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். அதில் ஒரு ரூபாய்கூட என்னுடையது அல்ல. மறுத்துவிடு என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. ஏற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “உன் மனசுக்குப் பட்டதைச் செய்” என்றேன். அது அறிவுரை அல்ல, நழுவல் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒன்பதாம் நாள் இரவு அவன் கையெழுத்திட்டான். மற்ற மூவரும் இட்டனர்.

அதன்பின் என் ஆய்வேட்டைத் திறந்தபோது ஓர் அட்டவணை உறுத்தியது. பல துறைகளின் ஒப்பந்தங்களைத் தொகுத்து, எத்தனை பேர் கையெழுத்திட்டனர் என்பதை ‘ஏற்பு விகிதம்’ என்ற தலைப்பில் இட்டிருந்தேன். விகிதம் உயர்ந்தால் உடன்பாடு மிகுந்தது என்பது என் முடிவு. என் தம்பி அந்த நிரலில் ஓர் ‘ஏற்பு’. ஒன்பது இரவு உறங்காதவன், அடமானப் பத்திரத்தைக் கணக்கிட்டவன், அக்காவிடம் கேட்டு விடை பெறாதவன். அவனை ‘ஏற்பு’ என்று எண்ணினால் என் எண் சரி, என் ஆய்வு தவறு.

அந்த நிரலின் தலைப்பைக் ‘கையெழுத்து’ என்று மாற்றினேன். அதன் அருகே மூன்று நிரல்கள் சேர்த்தேன்: கையெழுத்திடக் கொடுத்த அவகாசம், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம், பேரம் பேச அங்கீகரிக்கப்பட்ட சங்கம் உண்டா இல்லையா. பாதி நேர்வுகளுக்கு இத்தரவுகள் கிடைக்கவில்லை. மீண்டும் களத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. ஆய்வேடு ஓராண்டு பின்தங்கியது. நெறியாளருக்கு மகிழ்ச்சியில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, ஊழியர்களில் பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடித் தற்செயல் விடுப்பு எடுப்பதையும் வேலைநிறுத்தம் என்றே வரையறுக்கிறது. மிஞ்சியிருந்த இடமும் சுருங்குகிறது. இனி ஒப்பந்தங்களில் கையெழுத்துகள் இன்னும் வேகமாகச் சேரும். நிர்வாக அறிக்கைகளில் விழுக்காடுகள் இன்னும் உயரும். தொழிலாளர் ஆய்வில் இருக்கும் மாணவ நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள்: அந்த விழுக்காட்டை அப்படியே எடுத்து எழுதும்முன், மறுத்திருந்தால் அவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஒரு முறை கேட்டு எழுதுங்கள்.

தம்பி அங்கேயேதான் இருக்கிறான். மாத இறுதியில் பறந்த மணிகளைக் கூட்டி எனக்கு அனுப்புகிறான். சென்ற மாதம் 46.