186 முகங்கள்... தலைக்கு 50 கே.பி.!

உங்கள் வகுப்பில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று பெயர் எடுத்திருக்கிறீர்களா? முடிஞ்சுது கதை! புரொஜெக்டர் எரியவில்லையா, பிரின்ட்டர் பேப்பரை மென்றுவிட்டதா, ஹெச்.ஓ.டி. மொபைலில் எழுத்து சின்னதாகிவிட்டதா... எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பி உங்களைத்தான் தேடுவார்கள். எனக்கும் அந்த ராஜயோகம் உண்டு. போன வருஷம் அப்படித்தான் கூப்பிட்டு, "தம்பி, ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்கு 186 பேர் போட்டோவையும் நீயே எடுத்து, சைஸ் பண்ணிக் கொடுத்துடுப்பா. ரெண்டு நாள் போதும்ல?" என்றார் சார்.

நிபந்தனை ஒரே வரிதான். ஜேபெக் படம், 20 கே.பி.க்குக் குறையக் கூடாது, 50 கே.பி.யைத் தாண்டக் கூடாது. வங்கித் தேர்வுக்கு அப்ளை பண்ணிய சீனியர்களுக்கு இந்த எண்கள் தூக்கத்திலும் மறக்காது.

இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். ஆனால், அதற்கு முந்தைய வருஷம் எங்கள் டிபார்ட்மென்டில் ஒன்பது பேரின் விண்ணப்பம் 'புகைப்படம் தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்திருந்தது. மறுபடி அனுப்புவதற்குள் கடைசித் தேதி போயே போச்சு! அதில் ஒரு தங்கச்சி, அப்போது ஃபர்ஸ்ட் இயர். அந்தப் பணம்தான் அவளுக்கு ஒரு செமஸ்டர் மெஸ் பில். மதிய நேரத்தில் எல்லோரும் மெஸ்ஸுக்குக் கிளம்பினால், இவள் மட்டும் லைப்ரரிக்குப் போவாள். படிக்கிற பொண்ணு என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஒன்பது படங்களையும் வாங்கிப் பார்த்தேன். ஊருக்குள் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சைஸ் குறைத்தவை. முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. கண் எது, புருவம் எது என்றே தெரியவில்லை. இன்னொன்றும் உறைத்தது. ஒன்பது பேருமே என்னை மாதிரி நல்ல கறுப்பு. அதே சென்டர், அதே சைஸ்... சிவப்பாக இருந்தவர்கள் தப்பித்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குமாய்யா கலர் பார்க்கத் தெரியும்?

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், வாங்க. ஜேபெக் ஒரு படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட குட்டிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்கு 64 எண்கள். அவற்றை அலைகளாக மாற்றி, மெதுவாக மாறுவது இவ்வளவு, நுணுக்கமாக மாறுவது இவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக்கொள்கிறது. நுணுக்கம் நம் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது. எனவே அதைப் பெரிய எண்ணால் வகுத்து, தசமத்தைத் தள்ளி, பூஜ்யமாக்கிவிடுகிறது. வரிசையாகப் பூஜ்யம் வந்தால் எழுத இடமே வேண்டாமே! 'குவாலிட்டி' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதல்லவா, அது எவ்வளவு பெரிய எண்ணால் வகுப்பது என்பதைத்தான் முடிவு செய்கிறது. 80 வைத்தால் 80 சதவிகிதம் மிஞ்சும் என்று அர்த்தமில்லை.

இந்த அலைக் கணக்குக்குச் சொந்தக்காரர் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. 1972-ல் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். தர மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் விடவில்லை. டி.நடராஜன், கே.ஆர்.ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-ல் கட்டுரையே வெளியிட்டுவிட்டார். 1992-ல் வந்த ஜேபெக் தரநிலைக்கு இதயமே அதுதான். (அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆனவர்கள் ஆறுதல் கொள்க!)

இப்போது அந்த ஒன்பது பேர் விஷயம். வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்தால் கேமரா சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். ஏற்கெனவே கறுப்பான முகம் இன்னும் கறுக்கும். அதில் கன்னத்துக்கும் மூக்குக்கும், நெற்றிக்கும் புருவத்துக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பச் சின்ன எண்களாகிவிடும். பெரிய எண்ணால் வகுத்தால் முதலில் பூஜ்யமாவது சின்ன எண்கள்தானே? சிவந்த முகத்திலும் இழப்பு உண்டு. ஆனாலும் கண்ணும் புருவமும் கறுப்பாகத் தனித்து நின்றுவிடும். எங்களுக்கு அது முகத்தோடு கரைந்துபோகும்.

சரி, 4 எம்.பி. படத்தை எப்படி 50 கே.பி. ஆக்குவது? ஸ்லைடரை மட்டும் இழுத்தால் என்ன ஆகும் பாருங்கள். 4000×3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 50 கே.பி. என்பது சுமார் 4 லட்சம் பிட். அதாவது, முப்பது புள்ளிக்கு ஒரே ஒரு பிட்! முப்பது பேருக்கு ஒரு இட்லியைப் பங்கு வைத்த மாதிரி. ஆகவே, முதலில் வெட்ட வேண்டும், அப்புறம் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். ஸ்லைடர் கடைசியில்தான்.

வெட்டுவதிலும் ஒரு வேடிக்கை. 1200×1500 என்று முகத்தை மட்டும் வெட்டினால் பரப்பில் 15 சதவிகிதம்தான் மிச்சம். ஃபைலும் அதே 15 சதவிகிதமாகச் சுருங்கணுமே? சுருங்காது. நாம் வெட்டி எறிந்தது வெறும் சுவர். அது முன்பும் பெரிதாக இடம் பிடிக்கவில்லை. முடி, கம்மல், பூப்போட்ட சுடிதார் என்று செலவு வைக்கிற பார்ட்டிகள் எல்லாம் உள்ளேயே இருக்கிறார்களே! சும்மா பத்துப் பேரை எடுத்துப் பார்த்ததில், ஒரே அளவு, ஒரே குவாலிட்டியில் ஒருத்தன் 28 கே.பி., கட்டம் போட்ட சட்டைக்காரன் 61 கே.பி.

186 பேரையும் ஒவ்வொருத்தராக வெட்டினால் விடிந்துவிடும். இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளில் 'பி' விசையைத் தட்டினால் கூட்டமாக வெட்டும் ஜன்னல் திறக்கும். எங்கிருந்து, எத்தனை புள்ளி அகலம், எத்தனை உயரம் என்று ஒரு முறை சொன்னால் போதும். ஆனால், அதற்கு முகம் எங்கே இருக்கிறது என்று தெரியாது! நீங்கள் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். அந்தப் பத்துப் பேர் ஒத்திகையிலேயே பாஸ்கெட்பால் டீம் பையன்களுக்கு நெற்றி காணோம். குள்ளமானவர்கள் தலைக்கு மேலே ஒரு ஏக்கர் சுவர்.

அதனால் போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, எல்லோரையும் ஒரே ஸ்டூலில் உட்கார வைத்தேன். வெயில் நேரே படாத வராந்தா. முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன். சுவர் வெளுத்துப் போனால் போகட்டும், சுவருக்கா ஸ்காலர்ஷிப்? பிறகு படங்களைத் தலை உயரப்படி மூன்று ஃபோல்டரில் பிரித்து, ஃபோல்டருக்கு ஒரு வெட்டு. அடுத்து எல்லாவற்றையும் 400×500 ஆக்கினேன். கடைசியாக இமேஜ்மேஜிக். 'இத்தனை கே.பி.க்குள் வை' என்று ஒரு வரி சொன்னால், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக குவாலிட்டி தேடிக்கொள்ளும். (அதில் 'மோக்ரிஃபை' என்ற கட்டளை ஒரிஜினல் மேலேயே எழுதிவிடும். நகல் எடுத்து வைக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்!)

சில படங்கள் எவ்வளவு குறைத்தாலும் பிடிவாதமாக நின்றன. பார்த்தால், மொபைல் ஒளித்து வைத்த குட்டி முன்னோட்டப் படம், எடுத்த இடம், நேரம் என்று மூட்டை. அதைக் கழற்றியதும் ஆள் இளைத்துவிட்டான். ஊருக்குப் போயிருந்த நாலு பேர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார்கள். அது ஏற்கெனவே அங்கே ஒரு முறை கசக்கப்பட்ட படம். நாம் வெட்டினால் அந்த 8×8 கட்டங்கள் இடம் மாறி, பழைய காயத்தின் மேல் புதுக் காயம். "டாக்குமென்ட்டா அனுப்புங்கடா" என்று போன் போட்டுக் கத்தினேன். கையெழுத்து ஸ்கேன் தனிக் கொடுமை. கோடு போட்ட நோட்டில் போட்டால் அந்தக் கோடுகளும் கே.பி. கேட்கும். வெள்ளைத்தாளே உத்தமம்.

186-ம் போய்ச் சேர்ந்தன. போட்டோவைக் காரணம் சொல்லி ஒன்றுகூடத் திரும்பவில்லை. தங்கச்சி படம் 43 கே.பி. கண், புருவம், மூக்குத்தி எல்லாம் அதனதன் இடத்தில்.

பணம் வந்த வாரம் மெஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். தேங்க்ஸ் சொல்லப்போகிறாள் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"அண்ணா, நீங்க எடுத்தீங்கல்ல, வெட்டாத படம்... அது இருக்கா? வீட்ல என் போட்டோ ஒண்ணுகூட இல்லண்ணா. அம்மா ஃப்ரேம் போடணும்னாங்க."

4 எம்.பி. அப்படியே டாக்குமென்ட்டாக அனுப்பினேன்.