பழுதும் பழமையும்

பழைய வீட்டைப் புதுப்பித்தல் பணத்தினால் மட்டும் ஆவதன்று. எதனை முதலிற் செய்வது என்னும் தெளிவும் அதற்கு வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு, 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தது. அதனை இடித்துச் சீமெந்தில் மாடிவீடு எழுப்பலாம் என்றனர் புலம்பெயர்ந்த அண்ணன்மார். அம்மாவோ, அந்த நடுமுற்றத்தருகிலேயே தம் எஞ்சிய காலம் கழியவேண்டும் என்றார். செலவுக்கு எனது மாதச் சம்பளத்தின் மிச்சமே இருந்தது.

முதலாண்டுச் சேமிப்புக் கூரைக்கே சென்றது. உடைந்த ஓடுகளையும் உக்கிய சிலாகைகளையும் மாற்றினோம். பனை வளைகள் உறுதியாகவே இருந்தன. அடுத்த ஆண்டு சுவர்களைக் கவனித்தோம். சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி மீள வெளிவிடும் இயல்புடையது. அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கும். நாளடைவிற் பூச்சும் கழன்று விழும். ஆதலின் பெயர்ந்த இடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தே இட்டு, வெள்ளையும் சுண்ணாம்பினாலேயே அடித்தோம்.

மூன்றாம் ஆண்டிலேதான் அலங்காரம் பற்றி எண்ணினோம். பாட்டியாரின் பெட்டகம் துடைத்து எண்ணெயிடப்பெற்று விறாந்தைக்கு வந்தது. அம்மாவின் பழஞ்சேலைகள் யன்னல்களுக்குத் திரைகளாயின.

இன்று அம்மா அங்கேயே வாழ்கின்றார். பணம் முழுவதும் ஒருங்கே கைக்கு வந்திருப்பின் அவ்வீடு இடிக்கப்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறுகச் சிறுகச் செய்ய நேர்ந்தமையாலேயே, எது பழுது, எது பழமை என்று பிரித்தறிய எங்களுக்கு அவகாசம் வாய்த்தது.