சில்லிட்ட கை

டிசம்பர் மாதம், மாலை ஏழரை மணி. டெல்லி ஆர்.கே.புரத்தில் பனி ஜன்னல் வரை இறங்கிவிட்டது. அண்ணன் மகள் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இப்போது காலை ஒன்பது. அங்கேயே பிறந்தவள். இங்கே விடுமுறைக்கு வந்திருக்கும்போது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள். விசில் சத்தம் உள்ளே கேட்குமோ என்று குக்கரை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலேயே நிற்கிறேன்.

"எம்.டி.காரங்க படிக்கிறதெல்லாம் இதுலயும் உண்டு அத்தை. அதோட கையால தொட்டுப் பாக்கவும் கத்துத்தருவாங்க" என்றாள் நேற்று. அதற்கு மட்டுமே சுமார் 200 மணி நேரமாம். ஆஸ்டியோபதியை உருவாக்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய பள்ளியின் முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். பிசியோதெரபியில் இத்தனை வருஷம் கழித்த எனக்கு அந்த 200 மணி நேரத்தின் அருமை தெரியும். முதுகில் எங்கே இறுகியிருக்கிறது என்பதைக் கட்டைவிரல்தான் முதலில் சொல்லும்.

நானும் ஒரு நேர்காணலுக்குப் போனேன், 1986இல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து காட்பாடி. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய வேலூர் மருத்துவக் கல்லூரி. அப்போதெல்லாம் எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வரவழைத்து மூன்று நாள் கூடவே வைத்துப் பார்ப்பார்கள். வேலூர் வெயிலில் சுவரெல்லாம் கொதித்தது. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். "கை ஏம்மா இப்படிச் சில்லுனு இருக்கு?" எனக்கு வார்த்தை வரவில்லை. விடாமல் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்வி மறந்துவிட்டது. எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அப்பா வருத்தப்படவில்லை. உச்ச நீதிமன்ற அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அவர். பெரியகருப்பன் வழக்கை எடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு 75 மதிப்பெண் வைத்திருந்த காலம். கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துத் தேர்ந்தெடுத்தது செல்லாது என்று 1970இல் தீர்ப்பு. "நல்ல மார்க் வாங்கின பையன் ரெண்டு நிமிஷப் பேச்சுல வீட்டுக்குப் போயிடுவான். உன்னை மூணு நாளாவது பாத்தாங்களே" என்றார்.

2020இல் அதே நீதிமன்றம், வேலூருக்கும் நீட் உண்டு என்று தீர்ப்பளித்தது. அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பார்த்த கோப்புகள் அப்படி. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு நோயாளியின் முதுகிலும் கை வைக்கும் முன், இரண்டு உள்ளங்கையையும் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்கிறேனே, அது எந்தத் தேர்வுத்தாளில் வந்தது?

கதவு திறந்தது. நேராக வந்து என் தோளில் சாய்ந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், பனிக்கட்டி. இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

"என்னடா கேட்டாங்க?"

"ஒண்ணுமே ஞாபகம் இல்ல அத்தை. பசிக்குது."

ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.