பலகையில் இல்லாத வரி

திண்டுக்கல்லுக்கு வடக்கே, முருங்கைத் தோட்டங்களை ஒட்டி ஒரு காவல் நிலையம். காலை பதினொரு மணி. ரைட்டர் மேசைக்கு எதிரே சுவரோரம் குத்தவைத்திருக்கிறான் பையன். இருபது வயது இருக்கலாம். விரல் இடுக்குகளில் கரி. காப்பர் வயரைக் கொளுத்தி உறையை உரித்த கைக்கு அது லேசில் போகாது. கிணற்று மோட்டார் வயர் திருட்டு.

அவன் தலைக்கு மேலே ஒரு பலகை. டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த 11 கட்டளைகள். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க விடலாம். மேலிருந்து கீழே எத்தனை முறை படித்தாலும், 'நீ பேசாமல் இருக்கலாம்' என்று ஒரு வரி கிடையாது.

"உள்ளதைச் சொல்லிட்டா உனக்குத்தான் நல்லது தம்பி." எஸ்.ஐ. குரலை உயர்த்தவில்லை.

பையன் எச்சில் விழுங்குகிறான். "ஓடைப் பக்கம் கருவேல முள்ளுக்குள்ள போட்டிருக்கேன்யா."

ஏட்டையாவின் தாளில் அது, 'என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்' என்று இறங்குகிறது. அவருக்கு வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னதை, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. பொருள் சிக்கினால், சிக்க வைத்த பகுதி மட்டும் நிற்கும்.

தன்னையே மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் சட்டம்தான். 1977-இல் கட்டக் விஜிலன்ஸ் போலீஸ் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி பதில் தர மறுத்தார். அந்த உரிமை காவல் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று மறு வருடம் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். முன்னாள் முதல்வருக்கு அது தெரிந்திருந்தது.

'ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை. தந்தால் உனக்கு எதிராகவே பயன்படலாம்' என்று முன்கூட்டியே எச்சரிக்கும் கடமையைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுக்கு வைத்திருக்கிறது, அவர் ஒப்புதலைப் பதிவுசெய்யும்போது. ஒரு வயர் திருட்டை யாரும் அதுவரை கொண்டுபோவதில்லை.

வாசலில் பைக் நிற்கிறது. விஏஓவும் தலையாரியும் உள்ளே வருகிறார்கள். ஒப்புதல் கொடுத்தபோது உடனிருந்த சாட்சிகளாக இருவர் பெயரும் தாளின் அடியில் ஏற்கெனவே ஏறிவிட்டது.

"டீ சொல்லட்டுமா சார்?"

"வேண்டாம் ஏட்டையா, ஜமாபந்தி வேலை தலைக்கு மேல கெடக்கு. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."