டிக்கியில் ஓர் அவசரப் பெட்டி

ஓசூர் சாலையில் வண்டி நின்றுபோனால், உதவி வந்து சேரும்வரை கைகொடுப்பது காரில் இருப்பதுதான். அதில் என்ன இருக்க வேண்டும்?

மாலை ஆறு மணி. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓசூர் சாலைக்குள் மூக்கை நுழைக்கின்றன. ஜிகனி பக்கமிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள், தமிழ்நாட்டிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வேன்கள், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் ஆட்டோக்கள். இந்த வெள்ளத்தின் நடுவே ஒரு கார் மட்டும் நின்றுவிடுகிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. ஓட்டி வந்தவர் இறங்கி பானெட்டைத் திறக்கிறார், உள்ளே பார்க்கிறார், மூடுகிறார். பிறகு செல்போனை எடுக்கிறார். அதில் சார்ஜ் இல்லை. இந்தச் சாலைக்கு இது புதிய காட்சியல்ல.

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து தெற்கே வந்தால் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் பொம்மசந்திரா. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டு நிலவை நினைக்க வேண்டாம். கன்னட ஊர்ப் பெயர்களின் இறுதியில் வரும் 'சந்திரா', சமுத்திரம் என்ற சொல் தேய்ந்து வந்தது என்பார்கள். அதாவது ஏரி. நம் அம்பாசமுத்திரம் வழியில் வந்த பெயர்தான். இன்று இங்கு ஏரியைவிட எடுப்பாகத் தெரிபவை தொழிற்சாலைகளும், மருந்து கம்பெனிகளும், ஒரு பெரிய மருத்துவமனை வளாகமும். 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டில் புறப்பட்டு 16 நிலையங்களைக் கடந்து இங்கேதான் முடிகிறது. ரயில் முடியும் இடத்தில் சாலை முடிவதில்லை. சந்தாபுரா, அத்திப்பள்ளி வழியாக எல்லையைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று அது கன்னியாகுமரிவரை போகிறது. பழைய கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூர்த் தமிழர்கள் ஊருக்குப் போகும் முக்கியமான வழி இது. வருடம் முழுவதும் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நகரத்துக்குள் ஊர்ந்த கார், திடீரென்று ஒருநாள் 400 கிலோமீட்டர் ஓடும்படி கேட்கப்படுகிறது. மெலிந்த பேட்டரி, காற்று குறைந்த டயர், மாற்றாமல் விட்ட கூலன்ட் எல்லாம் அன்றைக்குத்தான் கணக்குத் தீர்க்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரிலிருந்து இறங்குவது எளிது. திரும்பும்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்வரை சுமார் 50 கிலோமீட்டர் ஏற்றம். கோடையில், ஆள் நிறைந்து, ஏசி ஓட, டெம்பரேச்சர் முள் மேலே போவது அங்கேதான். அந்தச் சூட்டோடு பொம்மசந்திரா நெரிசலுக்குள் வந்து நிற்கும்போது என்ஜின் கைவிரித்துவிடுகிறது.

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் நீண்ட பயணம் புறப்படும் குடும்பத்தில் ஒருவராவது அரை மெக்கானிக்காக இருப்பார். உபரி ஃபேன் பெல்ட், ஸ்பார்க் பிளக், பாயிண்ட், ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர், இவை இல்லாமல் வண்டி கிளம்பாது. வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி அடைத்துக்கொண்டால் அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்து மறுபடியும் கிளப்புவார்கள். இன்றைய கார்களில் பாதிக் காரியங்களை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பானெட்டைத் திறந்தால் கைவைக்க இடமில்லை. இதனால் கார் உடைமையாளர்களிடம் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது: இனி எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம், ஒரு போன் போதும்.

இந்த நம்பிக்கைக்கு வயது குறைவு. அவசரப் பெட்டிக்கோ காரின் வயது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை இரு மகன்களோடு ஓட்டிச்சென்றார் பெர்தா பென்ஸ். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி உரிந்த இடத்தை காலுறைப் பட்டையால் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது வாங்கியது மருந்துக் கடையில். நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'ஸ்டெப்னி'கூட இப்படி வந்ததுதான். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த சொல், நம் பங்ச்சர் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் பெட்டியில் முதலில் இருக்க வேண்டியது ஸ்டெப்னி அல்ல. வண்டியைப் பழுதுபார்ப்பதற்கு முன்னால், நின்ற வண்டியைப் பிறர் பார்க்க வேண்டும். லாரிக்காரர்களுக்கு இது தெரியும். வண்டி நின்றதும் க்ளீனர் சாலையோரம் ஒரு மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போடுவார், வரிசையாகக் கற்களை வைப்பார். தழையைக் கண்டால் முன்னே வண்டி நிற்கிறது என்று பொருள். பகலில் இது நல்ல முறை. இரவில் தழை தெரியாது. லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடந்து அடுத்த பைக்கைக் கவிழ்க்கும். அதற்குப் பதிலாகத்தான் புதுக் காரோடு மடக்கி வைத்த சிவப்பு முக்கோணம் ஒன்றைத் தருகிறார்கள். பல கார்களில் அது பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கிறது.

முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது? ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டர் பின்னால் வைத்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்குச் சற்று மேல். 100 மீட்டர் என்றால் நாலரை விநாடி. எனவே நகருக்குள் 50, நெடுஞ்சாலையில் 100. வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே. வைக்கப் போகும்போது சாலையில் நடக்காமல் ஓரமாக, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். மின்னும் ஒளிப்பட்டைகள் தைத்த மேல்சட்டை ஒன்று பெட்டியில் இருந்தால் அதை முதலில் மாட்டிக்கொள்ளலாம். சாலை வேலையாட்கள் அணிவதுதான், விலை அதிகமில்லை.

சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிவரை போகும் மேம்பாலத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2010-இல் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் பாலம் அது. நடக்க ஓரமே கிடையாது. 2021 செப்டம்பர் 14-ஆம் தேதி இரவு, அதன் ஒதுங்குமிடத்தில் பைக்கை நிறுத்தி நின்றிருந்த ஓர் ஆணும் பெண்ணும், வேகமாக வந்த கார் மோதியதில் பாலத்திலிருந்து கீழே விழுந்து இறந்தார்கள். ஒதுங்குமிடமே பத்திரமில்லை என்பதை அந்த இரவு காட்டியது. பாலத்தின்மேல் வண்டி மக்கர் செய்தால், நகரும் வரை நகர்த்தி இறக்கிவிடுவதே நல்லது. ஒரு டயர் பங்ச்சர் என்றாலும் மெல்ல உருட்டி இறங்கிவிடலாம். டயர் பாழாகும், ஆள் பிழைப்பார்.

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்று நிறைந்த ஸ்டெப்னி. இங்கே ஒரு எச்சரிக்கை: டயரில் காற்றழுத்தம் காட்டும் கருவியும் டியூப்லெஸ் டயருக்கான பங்ச்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தரத் தேவையில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. எனவே உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையே ஒருமுறை டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கிட்டும், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் காற்று பம்ப்பும் அவசியம். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு. சக்கரத்துக்கு அண்டைகொடுக்க இரண்டு மரக்கட்டைகள். இவற்றைத் திரும்ப எடுத்து வர மறக்கக் கூடாது.

பேட்டரி இறங்கினால் ஜம்பர் கேபிள். சிவப்பை இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்ற வண்டியின் என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில். ஆட்டோமேடிக் கியர் வண்டியை நாலு பேர் தள்ளினாலும் கிளம்பாது என்பதால் அதற்கு இது இன்னும் முக்கியம். பிறகு டார்ச், உபரி ஃபியூஸ், இழுவைக் கயிறு, கையுறை, இன்சுலேஷன் டேப், கூலன்ட் ஒரு கேன். ஆவி பறக்கும் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் ஆற விட வேண்டும்.

இரண்டு பொருள்கள் டிக்கியில் இருக்கவே கூடாது. ஒன்று பெட்ரோல் கேன். அதிலும் அத்திப்பள்ளியில் தீபாவளிப் பட்டாசு வாங்கி டிக்கியை நிரப்பிக்கொண்டு வருபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்: 2023 அக்டோபர் 7-ஆம் தேதி அங்கே ஒரு பட்டாசுக் கடையில் பிடித்த தீ 14 பேருக்கு மேல் பலிகொண்டது. பலர் தமிழ்நாட்டிலிருந்து சீசன் வேலைக்கு வந்த இளைஞர்கள். இன்னொன்று, கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல். அது ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 2023 மே மாதம் பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் மழைநீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்தார். தண்ணீரில் சிக்கினால் கதவு திறக்காது. பக்கக் கண்ணாடியின் நடுவில் அல்ல, மூலையில் அடிக்க வேண்டும். சீட் பெல்ட்டை அறுக்கும் கத்தியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

பொம்மசந்திரா வழியாக வரும் கார்களில் ஒரு வகைக்கு இந்தப் பெட்டி போதாது. இருதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹ்ருதயாலயா இந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும், மகனின் காரில் செக்-அப்புக்கு வரும் பெரியவர்களும், பிறவியிலேயே இருதயக் கோளாறுள்ள குழந்தையை மடியில் வைத்துவரும் தாய்மாரும் இந்த நெரிசலில் இருக்கிறார்கள். அந்தக் காரில் ரேடியேட்டர் பழுதாவது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட பயணத்துக்குத் தனியாக ஒரு கைப்பை வேண்டும். மருத்துவச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈ.சி.ஜி. ஆகியவற்றின் நகல்கள். இரண்டு நாளைக்கான மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினும், சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸும். இவற்றை டிக்கியில் போட்டுவைக்கக் கூடாது. நிறுத்திய காரின் சூட்டில் மருந்து வீரியம் இழக்கும். வண்டி நின்றால் நோயாளியை வைத்துக்கொண்டு மெக்கானிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் இரு மாநிலங்களிலும் உண்டு, தேசிய அவசர எண் 112. காரைச் சாலையில் விட்டுப் போகலாம். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் அழைக்க வேண்டிய எண் 1033. கூப்பிடும்போது அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொன்னால் தேடி வருபவருக்கு வேலை மிச்சம். சார்ஜ் செய்த பவர் பேங்க்கும், முக்கிய எண்களைக் கையால் எழுதிய ஒரு காகிதமும் இருந்தால், செல்போனை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

வண்டி நல்ல நிலையில் இருந்தும் பயணம் நின்றுபோன நாள்களையும் இந்தச் சாலை பார்த்திருக்கிறது. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி காவிரி விவகாரத்தில் பெங்களூரில் கலவரம் வெடித்து, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் கொளுத்தப்பட்டன. பஸ்கள் எல்லையில் நின்றன. பல நாள்களுக்கு மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் ஜூஜூவாடிவரை நடந்தார்கள். அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டவை குடிதண்ணீர், பிஸ்கட், நடக்கத் தோதான செருப்பு, கொஞ்சம் சில்லறை நோட்டு. ஸ்பேனர் யாருக்கும் பயன்படவில்லை. மூன்று லிட்டர் தண்ணீரும், ஒரு போர்வையும், குடையும் பெட்டியில் சேர்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

எடை இல்லாத ஒரு பொருளும் உண்டு. "காடி கெட்டு ஹோகிதெ, ஸ்வல்ப சஹாய மாடி." வண்டி கெட்டுப்போச்சு, கொஞ்சம் உதவி செய்யுங்கள். பொம்மசந்திராவில் தமிழ் புரியாதவர் குறைவு. பங்ச்சர் கடைக்காரர் பதிலைத் தமிழிலேயே சொல்லக்கூடும். ஆனாலும் அவர் மொழியில் கேட்டால் ஸ்பேனரோடு எழுந்து வருவதில் ஒரு வேகம் இருக்கும்.

பெட்டியைக் கட்டிய பிறகு ஒருமுறை வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது நல்லது. ஜாக்கியை எங்கே கொடுப்பது என்பதை மழையில், இருட்டில், லாரிகளுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள முடியாது. அடுத்த முறை பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும்போது நாலு டயரோடு நிறுத்திவிடாமல், டிக்கியையும் திறந்து ஐந்தாவதற்கும் பிடிக்கச் சொல்லுங்கள்.